குப்பைக் கூடையும் பஞ்சசீலமும்

இல்லறத்தில் வாழும் பௌத்தன் ஒருவன் தன் சீலத்தைச் சோதித்துக்கொள்ள விரும்பினால் எங்கே நோக்க வேண்டும்? விகாரையில் திரிசரணம் சொல்லும் வேளையில் நோக்கலாம். பௌர்ணமி நாளில் உபோசதம் காக்கும் வேளையில் நோக்கலாம். அங்கெல்லாம் நாம் பெரும்பாலும் நல்லவர்களாகவே காணப்படுவோம். ஏனெனில், அங்கே பிறர் நம்மைக் காண்கின்றனர். நாமும் நம்மைக் காண்கின்றோம். ஆனால் நாள்தோறும் நம் வீட்டை விட்டு வெளியேறும் பொருள் ஒன்று உண்டு. அதனை நாம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; அது போகும் வழியை வினவுவதில்லை; அதனைத் தொட்டு எடுப்பவரின் முகத்தையும் பெரும்பாலும் அறிவதில்லை. அதுதான் குப்பை. ஒருவன் போற்றிச் சேர்த்து வைக்கும் பொருள்களைக் கொண்டு அவனுடைய ஒழுக்கத்தை அளப்பதினும், வேண்டாமென்று கழிக்கும் பொருள்களைக் கொண்டு அளப்பது சரியான அளவாகலாம்.

ஆகவே, ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா இது: நாம் கழித்த பொருள் நம் வாசற்படியைத் தாண்டியவுடன் அதன்மீது நமக்குள்ள பொறுப்பும் தீர்ந்துவிடுகின்றதா? அதற்குப் பின் அப்பொருளால் யாருக்கேனும் தீங்கு நேருமாயின் அது நம் வினையா, அன்றா?

இஃது சுகாதார அதிகாரிகள் பேச வேண்டிய செய்தியன்றோ, தம்மத்தைப் பேசும் பத்திரிகையில் இதற்கு இடமென்ன எனச் சிலர் கேட்கக்கூடும். குப்பை காற்றில் கரைந்து போவதாயின் அவர் கேட்பது நியாயமே. அது கரைவதில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகின்றது. காலையில் தள்ளுவண்டியுடனோ சிறு மோட்டார் வண்டியுடனோ வரும் தொழிலாளி அதனை வாங்குகின்றார். பின்னர் அது பெரிய லாரியில் ஏற்றி அழுத்தப்படுகின்றது. ஊருக்கு வெளியே கொட்டப்பட்ட பின்பு, அதிலிருந்து விற்கத்தக்கதைப் பொறுக்குவதற்காக வேறு சில ஏழை மக்கள் அதனைக் கிளறுகின்றனர். இத்தனை கைகளும் மனிதக் கைகள். மனிதனிடமிருந்து மனிதனுக்குச் செல்லும் எதுவும் தம்மத்தின் எல்லைக்கு உட்பட்டதே. தம்மம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே இருக்க வேண்டிய நேரிய உறவைப் பற்றியது என்பதையே, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் டாக்டர் அம்பேத்கர் விளக்கியுள்ளார்.

சுவருக்கு அப்பால்

நம் வினாவைப் போன்றதொரு வினா பகவானின் காலத்திலேயே எழுந்துள்ளது. விநய பிடகத்தில் பிக்குணிகளுக்குரிய பாசித்திய விதிகளுள் எட்டாவது விதி, கழிவையோ குப்பையையோ உண்டு மிஞ்சியதையோ சுவருக்கு அப்பால் எறிதல் கூடாது என்பது. தானே எறிந்தாலும் குற்றம்; பிறரைக் கொண்டு எறிவித்தாலும் குற்றம். இவ்விதி பிறந்த வரலாறு சுவையானது. பிக்குணி ஒருத்தி கழிவுப் பாத்திரத்தை மதிலுக்கு அப்பால் கவிழ்த்தாள். அவ்வேளையில் அவ்வழியே சென்றுகொண்டிருந்த பிராமணன் ஒருவனின் தலைமேல் அஃது வீழ்ந்தது. அவன் சினங்கொண்டு, பிக்குணிகளின் உறைவிடத்தையே கொளுத்திவிடத் துணிந்தான். உபாசகர் ஒருவர் இடைப்பட்டு அவனைத் தணிவித்தார். செய்தி பகவானுக்கு எட்டிய பின் விதி வகுக்கப்பட்டது.

இவ்விதியில் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. எப்பொழுது குற்றம் இல்லை என்பதையும் அவ்விதியின் விளக்கம் கூறுகின்றது. பார்த்துவிட்டு எறிந்தால் குற்றமில்லை. மக்கள் வழங்காத இடத்தில் எறிந்தால் குற்றமில்லை. அப்படியாயின், குப்பையைக் கழித்தல் குற்றமாகாது. உடம்பும் இல்லமும் உள்ளவரை கழிவும் இருந்தே தீரும். பாராமல் கழிப்பதே குற்றம். அப்பெண் எவரையும் துன்புறுத்த எண்ணினாளில்லை. மதில் இருந்தது, மதிலுக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரியாததை இல்லாததாகக் கொண்டாள். அவ்வளவே. நாமும் நாள்தோறும் அவ்வாறே செய்கின்றோம். நம்முடைய மதில் கருநிறப் பிளாஸ்டிக் பையாக இருக்கின்றது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. அன்று தலையில் கழிவு வீழ்ந்தவன் தன் சினத்தை வெளியிட வல்லவனாக இருந்தான். ஆதலின் செய்தி பரவியது. அவனுக்கு முன்னும் பின்னும் இந்நாட்டில் தலையிலே மலக்கூடை சுமந்தவர் எத்தனை இலட்சம் பேர்! அவர்கள் சினந்து பேச இடமில்லாமற் போயிற்று. அவர்கள் பொருட்டு விதி வகுக்கவும் ஆளில்லாமற் போயிற்று. அத்தகையோர் வழிவந்தவர்களும் அவர்களின் சுற்றத்தாரும் நம்முள் பலர் உண்டு. ஆதலின், இவ்விதியைப் படிக்கும்போது மதிலுக்கு இப்புறம் நின்று படிப்பவர்களைக் காட்டிலும் நாம் அதனைத் தெளிவாகப் படிக்க வல்லவர்கள்.

எண்ணம் இல்லாத இடத்தில் வினை உண்டா?

இனி, கற்றறிந்த உபாசகர் ஒருவர் ஒரு தடையைக் கிளப்பலாம். “எண்ணமே வினை என்பது பகவானின் போதனை. நான் உடைந்த கண்ணாடியைக் காய்கறித் தோலோடு சேர்த்துக் கூடையில் இட்டேன். ஒரு தொழிலாளியின் விரல் அறுபட வேண்டும் என்று நான் எண்ணவில்லை. எண்ணம் இல்லாதபோது எனக்கு வினை ஏது?”

இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வினையின் வேர் எண்ணத்தில் உள்ளது என்பது நம் நெறியின் அடிப்படைகளுள் ஒன்று. வழியில் அறியாது மிதிபட்ட எறும்பின் பொருட்டு ஒருவனைக் கொலைஞன் என்று பௌத்தம் கூறுவதில்லை. ஆனால், அறியாமை என்று நாம் சொல்லுவது எல்லாம் ஒருவகையினதன்று. அறிய வாய்ப்பே இல்லாத அறியாமை ஒன்று. அறிந்தும் மறந்துபோகும் கவனக்குறைவு மற்றொன்று. அறிந்தால் ஒரு வேலை கூடுமே என்று அஞ்சி அறியாமல் இருக்கத் தீர்மானித்தல் மூன்றாவது. முதலாவதில் எண்ணம் இல்லை. இரண்டாவது பமாதம் எனப்படும் மயக்கம். அதனை நீக்குதலையே பகவான் தம் இறுதி அறிவுரையிலும் வற்புறுத்தினார். மூன்றாவதிலோ எண்ணம் இருக்கின்றது. பாராதிருத்தல் என்பதே அவ்வெண்ணம்.

நம் வீட்டுக் குப்பை இம்மூன்றனுள் எதனைச் சேர்ந்தது என்று அறிய நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வீட்டில் கண்ணாடிக் குவளை உடைகின்றது. நம் மகன் அதனை எடுத்துச் செல்ல வருகின்றான். நாம் என்ன சொல்லுகின்றோம்? “தம்பி, பார்த்து எடு, கையைக் கிழித்துவிடும்” என்கின்றோம். காகிதத்தில் சுற்றிக் கொடுக்கின்றோம். அதே கண்ணாடி மறுநாட் காலையில் தொழிலாளியின் கைக்குச் செல்லும்போது எச்சரிக்கையும் இல்லை, காகிதமும் இல்லை. கண்ணாடி அறுக்கும் என்பது நமக்குத் தெரியும் என்பதற்கு நம் மகனிடம் சொன்ன சொல்லே சான்று. எனவே, அறியாமை என்னும் வாதம் இங்கு நிற்கமாட்டாது. மகனின் கையையும் தொழிலாளியின் கையையும் நாம் வேறு வேறு கைகளாக எண்ணினோம் என்பதே உண்மை. சாதி என்பது பெயர்ப் பலகையில் மட்டும் வாழ்வதன்று; இவ்வாறு இரண்டு கைகளுக்கு இரண்டு நீதி வைக்கும் பழக்கத்தில் அது வாழ்கின்றது.

சவர பிளேடு, மருந்தூசி, மாதவிலக்கு நாப்கின், குழந்தையின் டயப்பர் ஆகியவற்றையும் இவ்வாறே எண்ணிப் பார்க்க. ஊசி குத்தினால் பிறர் உடலின் நோய் இரத்தத்தில் புகக்கூடும். நாப்கினையும் டயப்பரையும் சுற்றாமல் இடும்போது, ஒருவரின் உடற்கழிவை மற்றொருவர் கையால் தொடும்படி செய்கின்றோம். இதனை முதற்சீலத்தின்கண் வைத்து எண்ணுதல் முறை. உயிர்க்கு ஊறு செய்யாமை என்பது கத்தியைக் கையில் எடாமை மட்டுமன்று. கத்தி போன்றதைப் பிறர் கை படும் இடத்தில் மறைத்து வைக்காமையும் அதனுள் அடங்கும்.

வரியும் கூலியும்

இரண்டாவது தடை ஒன்று உண்டு. “நான் வீட்டு வரி செலுத்துகின்றேன். மாநகராட்சி கூலி கொடுக்கின்றது. கூலி பெற்றவர் வேலை செய்கின்றார். இதில் நான் கடன்பட்டது யாது?”

நாம் வரி செலுத்துவது கழிவை அகற்றும் பணிக்காக. தொழிலாளி கூலி பெறுவதும் அப்பணிக்காகவே. காயத்தையும் நோயையும் கூலி கொடுத்து வாங்க முடியாது. விற்கவும் ஒருவருக்கு உரிமை இல்லை. மேலும், ஈரக்குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டில் வேறு வேறு கூடையில் இடுவதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. ஒன்றாகக் கலந்து, லாரியில் அழுந்தி, அழுகி நாறிய பின்பு அதனைப் பிரிப்பதற்கு ஆகும் உழைப்போ பெரிது. அதன் பின்னும் அது முற்றும் பிரிவதில்லை. சோற்று நீர் ஊறிய காகிதம் மீண்டும் காகிதமாகாது. பிளாஸ்டிக் கலந்த எருவை உழவர் கொள்ளார். நாம் சில நொடி சோம்பியதன் விலையைப் பிறரொருவர் நாள் முழுவதும் குனிந்து செலுத்துகின்றார். கொடுக்கப்படாததைக் கொள்ளாமை இரண்டாம் சீலம். பிறர் உழைப்பையும் உடல்நலத்தையும் அவர் இசைவின்றிக் கொள்ளுதல் அச்சீலத்திற்குப் பொருந்துமா என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தையே கேட்டுக்கொள்க.

கூலியின் நிலையையும் சற்று நோக்குவோம். பெங்களூர் நகரில் பௌரகார்மிகர் என்று வழங்கப்படும் துப்புரவுத் தொழிலாளர் பெரும்பாலோர் நெடுங்காலம் ஒப்பந்தக்காரர்களின் கீழும், நிரந்தரமில்லாத நிலையிலும் பணி செய்துவந்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து பணி நிரந்தரம் கேட்ட பின்னரே, கர்நாடக அரசு அதற்கு இசைந்து நடவடிக்கை எடுக்க முன்வந்தது. நகரம் முழுவதும் நாள்தோறும் நம்பியிருக்கும் ஒரு பணியைச் செய்வோர், அப்பணி தமக்கு நாளையும் உண்டு என்னும் உறுதியைப் பெறத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. கூலி கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று சொல்லுவோர் இதனை நினைவிற் கொள்க.

விட்ட தொழிலை மீண்டும் தொடுவதா?

மூன்றாவது தடை நம் சமூகத்தாருள்ளேயே எழுவது. மற்ற இரண்டினும் ஆழமானது. “நம் முன்னோர் மேல் இத்தொழில் பிறப்பின் பேரால் சுமத்தப்பட்டது. அதிலிருந்து விடுபடவே கல்வி கற்றோம்; ஊர் மாறினோம்; 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் காட்டிய வழியில் மதமும் மாறினோம். இப்பொழுது குப்பையைப் பிரி, கூடையைக் கழுவு என்று எங்களிடமே சொல்லுவதா? பிறரிடம் போய்ச் சொல்லுங்கள்!”

இக்குரலில் உள்ள வேதனை உண்மையானது. சாதி, தொழிலைப் பகுத்ததோடு நில்லாமல் தொழிலாளர்களையே பகுத்து, மேலும் கீழுமாக அடுக்கி வைத்தது என்று 1936ஆம் ஆண்டிலேயே அம்பேத்கர் எழுதினார். துப்புரவுத் தொழிலைப் புனிதத் தொண்டு என்று புகழ்ந்து, அதனைச் செய்வோரை அதிலேயே இருக்கச் சொல்லும் பேச்சை அவர் 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கடுமையாக மறுத்தார். அவர் மறுத்தது சரியே. ஒருவன் கழுத்தில் கட்டிய கல்லை மலர்மாலை என்று பாடுவதனால் கல்லின் கனம் குறையாது.

பகவான் இதனை எவ்வாறு நோக்கினார் என்பதற்குச் சுனீத தேரரின் வரலாறு சான்று. அவர் இழிகுலம் எனப்பட்டதில் பிறந்து, வாடிய மலர்களை வாரி அகற்றும் தொழில் செய்து, பிறரால் வெறுக்கப்பட்டு வாழ்ந்தவர். மகதத் தலைநகருக்குள் பகவான் பிக்கு சங்கத்துடன் நுழைவதைக் கண்டு, தம் காவுத்தடியைக் கீழே இறக்கிவிட்டு வணங்க அணுகினார். பகவான் அவர் பொருட்டு நின்றார். ‘உன் தொழில் உயர்ந்தது, அதனையே செய்துகொண்டிரு’ என்று சொல்லவில்லை. அவரைப் பிக்குவாக அழைத்துச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். இறக்கிய காவுத்தடி இறக்கியதாகவே கிடந்தது. பிறப்பினால் ஒருவன்மேல் ஏற்றிய சுமையை இறக்குவதே தம்மத்தின் முதல் வேலை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிற்க. அதே சங்கத்தினுள் துப்புரவு வேலை எவ்வாறு நடந்தது? அதற்கெனத் தனிக் குலம் வைக்கப்பட்டதா? இல்லை. சுல்லவக்கத்தில் பிக்குகளின் கடமைகள் கூறப்படும் பகுதியைக் காண்க. உறைவிடத்தைப் பெருக்குதல், கழிவறை அழுக்காயிருந்தால் கழுவுதல், நீர்ச்சாடி வெறுமையாயிருந்தால் நிரப்புதல் ஆகியவை அதனைக் காணும் பிக்குவின் கடமைகள். அவன் க்ஷத்திரியனாகப் பிறந்திருக்கலாம், நாவிதனாகப் பிறந்திருக்கலாம், கடமை ஒன்றே. கழிவறைக்குள் செல்லுவதற்கு மூப்பு முறையும் பார்க்கப்படவில்லை. வந்த முறைப்படியே செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பிராமண குலத்திலிருந்து வந்த பிக்கு ஒருவர் தம் உடலின் அழுக்கைத் தாமே கழுவவும் அருவருத்து அதனால் துன்புற்ற செய்தியும் அங்கே வருகின்றது. தன் அழுக்கைத் தான் தொடமாட்டேன் என்னும் அந்த அருவருப்பே, பிறர் அழுக்கைத் தொடுவதற்கென்று ஒரு கூட்டத்தைப் படைத்தது.

ஆகவே, இருவகைத் தொடுதலையும் நாம் வேறுபடுத்திக் காண வேண்டும். பிறப்பினால் கட்டுண்டு பிறர் கழிவைச் சுமத்தல் அடிமைத்தனம். தன் கழிவுக்குத் தானே பொறுப்பேற்றல் சுதந்தர மனிதனின் ஒழுக்கம். முன்னதை ஒழிக்கும் வழி பின்னதை எல்லோரும் மேற்கொள்ளுவதே. நாட்டில் ஒவ்வொரு வீடும் தன் குப்பையைத் தானே பார்த்துப் பிரிக்குமாயின், பிறர் அழுக்கைக் கையால் அளையும் நிலை யாருக்கும் இராது. பிறரிடம் போய்ச் சொல்லுங்கள் என்பாரின் கூற்றும் நியாயமே. பிறரிடமும் சொல்லத்தான் வேண்டும். ஆயின், மதிலின் அப்புறத்தை அறிந்தவர்கள் நாம். சொல்லுவோர் கூடை முதலில் செம்மையாயிருத்தல் வேண்டும்.

சட்டம் சொல்லுவதும் நடப்பதும்

கையால் மலம் அள்ளுதலைத் தடுக்க 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதனினும் விரிந்த மற்றொரு சட்டம் 2013ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்தப்பட வேண்டியிருந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விடை ஒன்றில், சாதி விவரம் தெரிந்த 43,797 மலம் அள்ளும் தொழிலாளருள் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று கூறப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர்! தொழிலைத் தகுதியால் தேர்ந்துகொள்ளும் நாட்டில் இத்தகைய கணக்கு வருமா?

வீட்டுக் குப்பையைப் பற்றியும் விதிகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு பற்றிய விதிகள் வந்தன. 2016ஆம் ஆண்டின் விதிகள், ஒவ்வொரு வீட்டாரும் மக்கும் குப்பை, மக்காத உலர்குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என்றும், நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியே சுற்றித் தரவேண்டும் என்றும் கட்டளையிட்டன. பெங்களூரில் இரண்டு கூடையும் ஒரு பையும் வைத்துப் பிரிக்கும் முறை நீதிமன்றத்தின் துணையோடு நடைமுறைக்கு வந்தது. பச்சைக் கூடை ஈரக்குப்பைக்கு, சிவப்புக் கூடை உடற்கழிவு சார்ந்தவற்றிற்கு, பை உலர்குப்பைக்கு. இதனைக் கற்க ஒரு நாள் போதும். கைக்கொள்ளத்தான் மனம் வேண்டும்.

ஊர் முழுவதும் எறியும் மதில்

ஒரு வீடு தெருவுக்கு எறிவதைப்போல, ஒரு நகரம் தன் எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்துக்கு எறிகின்றது. பெங்களூரின் குப்பை பல ஆண்டுகள் மாவள்ளிபுரா, மண்டூர் என்னும் ஊர்களில் மலைபோல் குவிக்கப்பட்டது. கலந்து குவித்த குப்பையின் அடியில் ஈரப்பொருள் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு தோன்றுகின்றது; அது தீப்பற்றுகின்றது. மழை பெய்தால் கருநிறக் கசிவு மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கின்றது. மண்டூர் மக்கள் 2014ஆம் ஆண்டில் தொடர்ந்து போராடிய பின்னரே, அவ்வாண்டு இறுதியில் அங்குக் குப்பை கொட்டுதல் நிறுத்தப்பட்டது. மும்பையின் தேவனார்க் குப்பைமேடு 1927ஆம் ஆண்டு முதல் இருந்துவருவது. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை நகரத்தையே மூடியது. தில்லியில் காசிப்பூர்க் குப்பைமலை 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சரிந்து இருவரைக் கொன்றது. இம்மலைகளில் நம்மைப் போன்ற ஒவ்வொரு வீட்டின் கூடைக்கும் பங்கு உண்டு.

கோலார் தங்கவயல் அன்பர்களுக்கு இவ்வுண்மையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கும் மேலாக அங்கே தமிழ்த் தொழிலாளர், நம்மவர் பெருந்தொகையினர், பூமியைக் குடைந்து தங்கம் எடுத்தனர். தங்கம் வெளியூர் சென்றது. சயனைடு கலந்து பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவுமண் மட்டும் மேடுமேடாக அங்கேயே நின்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன; மேடுகள் போகவில்லை. பயன் ஒருவருக்கு, கழிவு மற்றொருவருக்கு என்னும் ஏற்பாட்டின் உருவத்தை அங்கே கண்ணாற் காணலாம். அதனைக் கண்டவர்கள், தம் வீட்டளவில் அதே ஏற்பாட்டுக்கு உடன்படலாகாது.

உபாசகர் செய்யத்தக்கவை

முதலாவது, குப்பையைக் குறைத்தல். கோசாம்பி மன்னன் உதயணன், ஆனந்த தேரருக்குத் தன் தேவியர் ஐந்நூறு மேலாடைகள் வழங்கியதைக் கேட்டு, இத்தனை ஆடைகளை என்ன செய்வீர் என்று வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய ஆடைகளை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதுவும் பழையதானால் தரைவிரிப்பு, பின்னர்க் கால்மிதி, பின்னர்த் தூசி துடைக்கும் துணி, முடிவில் அதனைச் சிறிது சிறிதாக வெட்டி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். ஒரு துணிக்கு ஏழு வாழ்வு! மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு வழங்கினான். பொருள் உள்ளவனுக்குச் சிக்கனம் இழிவாகத் தோன்றலாம். பௌத்தனுக்கு அது பொருளைப் படைத்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவது, பிரித்தல். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ சமையலறையிலிருந்து வருவது. இடமுள்ளோர் அதனை மண்தொட்டியில் இட்டு எருவாக்கலாம். இடமில்லாதார் தனியே கொடுக்கலாம். கண்ணாடியையும் பிளேடையும் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதிக் கொடுத்தல் சிறு வேலையே.

மூன்றாவது, கேட்டல். வீட்டில் பிரித்துக் கொடுத்ததை ஒரே லாரியில் கலந்து கொட்டும் ஊர்கள் உண்டு. அதனைக் கண்டு ‘நான் பிரித்து என்ன பயன்’ என்று ஓய்ந்துவிடுதல் தகாது. வார்டு அலுவலகத்தில் சென்று கேட்க வேண்டும். தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் கொடுக்கப்படுகின்றனவா, சம்பளம் உரிய நாளில் வருகின்றதா, சாக்கடைக்கு இயந்திரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். அரசு தன் கடமையைத் தட்டிக்கழிப்பதற்கு நம் வீட்டு ஒழுக்கம் சாக்காகக் கூடாது. தனிமனிதனின் சீலமும் அரசின் நீதியும் ஒன்றற்கொன்று மாற்றாக மாட்டா.

நான்காவது, முகம் நோக்கல். நம் வாசலுக்கு வரும் தொழிலாளியின் பெயரை நாம் அறிவோமா? அவர் வேறு மொழி பேசுபவராயிருக்கலாம், வேறு மதத்தினராயிருக்கலாம். குப்பை என்றே அவரைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. தண்ணீர் கேட்டால் தனிக் குவளை தேடும் வீடுகளும் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன் நம் பாட்டனார்க்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களை நாம் இன்னும் மறந்தோமில்லை. அக்குவளை நம் அடுக்களையில் வேறு வடிவில் வந்து அமர்ந்திருக்குமாயின், நாம் மாறியது மதத்தின் பெயரில் மட்டுமே ஆகும். அண்ணா என்றோ அம்மா என்றோ அழைத்து, நாம் குடிக்கும் குவளையிலேயே நீர் கொடுத்தல், மைத்ரியைப் பற்றிய நெடிய சொற்பொழிவினும் சிறந்தது.

இறுதியாக, நம் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். வைகாசிப் பௌர்ணமியிலும் தம்மசக்கரப் பெருநாளிலும் நாம் பெருந்திரளாகக் கூடுகின்றோம், அன்னதானம் நடக்கின்றது. விழா முடிந்தபின் திடலில் இலைகளும் காகிதக் கிண்ணங்களும் தண்ணீர்ப் புட்டிகளும் பரந்து கிடக்கின்றன. மறுநாள் விடியலில் அவற்றை வாருபவர் யார்? பல இடங்களில், நம் விழாவுக்கு அழைக்கப்படாத நம் உறவினரே அவர். வரும் விழாவில், மேடையில் அமர்ந்தவர்களும் மாலை பெற்றவர்களும் பந்தியில் உண்டவர்களும் கலைந்து செல்லுமுன் ஆளுக்கொரு கூடையுடன் திடலைச் சுற்றி வருவார்களாக. அதுவும் பூசையின் ஒரு பகுதியாகட்டும். அன்று காலையில் பணிக்கு வரும் அம்மையார், வெறுந்திடலைக் கண்டு, இங்கே கூடியவர்கள் யார் என்று ஒருமுறை வினவுவாராயின், தம்மம் அவரிடம் சென்று சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.